பிச்சையம்மாளின் இடது கால்

வடக்கூரணிப்பட்டி,
நார்த்தாமலை வழி,
9.3.2025

அன்புத் தங்கை திலகவதிக்கு,

அண்ணன் திருப்பதி எழுதுகிறேன். நானும் உன் அண்ணி அமிர்தவல்லியும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் காதில் மாட்டும் கருவி, போனைப் பக்கத்தில் கொண்டுபோனதும் விசில் அடிக்கிறது. அதனால் பழையபடி கடிதம்தான்.

நான் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டேன். சரியா தவறா என்று தெரியவில்லை. நம் ஊரணியில் செருப்போடு இறங்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும், குடிதண்ணீர் எடுக்கிற இடம். இப்போதெல்லாம் கரையில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள் பாட்டிலை உடைத்து உள்ளே வீசிவிட்டுப் போகிறார்கள். ஜனவரியில் கீழத்தெருப் பிச்சையம்மாள் தண்ணீர் எடுக்க இறங்கியபோது இடது உள்ளங்காலில் கண்ணாடி ஏறிவிட்டது. ஒன்பது தையல். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், ஒரு மாதம் போக முடியவில்லை.

இந்த ஆண்டு ஊரணி பிப்ரவரியிலேயே வற்றிவிட்டது. தரையை நாற்பத்தெட்டுக் கட்டங்களாகப் பிரித்துக் கயிறு கட்டி, தினமும் காலை ஆறு முதல் எட்டு வரை கண்ணாடித் துண்டு பொறுக்குகிறேன். பதினொரு கட்டம் முடிந்தது. அறுபத்திரண்டு கிலோ. எனக்குச் சர்க்கரை இருப்பதால் ரப்பர் பூட்ஸோடு இறங்க ஊரணிக் கமிட்டி அனுமதி தந்திருக்கிறது. பிச்சையம்மாள் விடுவதில்லை. "ஊருக்கெல்லாம் வெறுங்காலு, வாத்தியாரய்யாவுக்கு மட்டும் போலீஸ்காரர் காலா?" என்று கரையிலிருந்து கேட்கிறார்.

இந்தத் துண்டுகளை உருக்கி, காயம்பட்ட அந்த இடது காலையே கண்ணாடியில் வார்த்து, ஊரணிப் படிக்கட்டின் தலைப்பில் ஒரு கருங்கல்லின் மேல் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். பாட்டிலை ஓங்குகிறவன் கண்ணில் முதலில் அது பட வேண்டும். கமிட்டித் தலைவர் தங்கமுத்து, "செய்யுங்க சார், நம்ம ஊருக்கு ஒரு பேரு" என்றார். மூடிப்போன பீங்கான் பட்டறை ஒன்றிலிருந்து பழைய மின்உலையும் வாங்கிவிட்டேன்.

சோதனைக்குக் கைப்பிடி அளவு ஓர் உருண்டை செய்தேன். அழகாக வந்தது. அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் தானாகவே இரண்டாகப் பிளந்து கிடந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். கண்ணாடியின் சேர்மானத்தைக் கரும்பலகையில் எழுதத் தெரியும், கண்ணாடி செய்யத் தெரியவில்லை.

அங்கே மற்றவர்களையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
திருப்பதி


வில்லியனூர்,
18.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

திலகவதியின் வணக்கம். என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி சுகம். அண்ணியை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

"மற்றவர்களையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டில் என்னை விட்டால் மிச்சம் ஒருத்தர்தான். பேர் வெள்ளைச்சாமி, என் புருஷன். எழுதினால் பேனா முறிந்துவிடாது.

உங்கள் மகள் மணிமேகலை கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பன், பெரியப்பன், மாமன் எல்லாருக்கும் பேருக்குக் கீழே உத்தியோகம் போட்டீர்கள். ரேஷன் கடைப் பையனுக்குக்கூடப் போட்டீர்கள். பாட்டில் கம்பெனி உலையில் முப்பத்தொரு வருஷம் நின்ற மனுஷனுக்கு வெறும் பேர். வந்தார், பிள்ளைக்கு அட்சதை போட்டார், சாப்பிடாமல் பஸ் ஏறினார். இருபத்தொரு வருஷம் ஆகிவிட்டது. உங்கள் வாசலை மிதிக்கவில்லை, உங்கள் பேரையும் சொன்னதில்லை. சண்டைக்கு எழுதவில்லை அண்ணே. மறந்துவிட்டீர்களோ என்றுதான் எழுதினேன்.

உங்கள் கடிதத்தை நான் சத்தமாகத்தான் படித்தேன். அவர் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். உருண்டை பிளந்த இடம் வந்ததும் பேப்பர் அசையவில்லை. அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒரே பக்கம்.

நிற்க. நான் ஒரு புத்தகம் படித்தேன். அட்டை கிழிந்த பழைய புத்தகம், பேரெல்லாம் கேட்காதீர்கள். ஜன்னல் கண்ணாடி, டம்ளர், பாட்டில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து உருக்கினீர்களா என்று அந்தப் புத்தகம் கேட்கிறது. ஒவ்வொரு கண்ணாடியும் ஆறும்போது ஒவ்வொரு அளவில் சுருங்குமாம். ஒன்றை ஒன்று இழுத்து, மூன்று நாளோ மூன்று மாசமோ கழித்து விண்டுபோகுமாம். பாட்டிலின் அடிப்பாகத்தில் கம்பெனிக் குறி இருக்கும், ஒரே குறி உள்ளதை மட்டும் பொறுக்கச் சொல்லு என்கிறது. "வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா" என்றும் ஒரு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை.

உங்கள் தங்கை,
திலகவதி


வடக்கூரணிப்பட்டி,
6.4.2025

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர வேறு குறையில்லை. அண்ணி மாத்திரை போடுகிறாள், நான் பார்த்துக்கொண்டிருந்தால்.

புத்தகம் சொன்னது முழுக்க உண்மை. என் உருண்டையில் பாட்டில், ஜன்னல், ஒரு பழைய லாந்தர் சிம்னி எல்லாம் இருந்தன. நிறம் பார்த்துப் பிரித்தேனே தவிர, அடி பார்த்துப் பிரிக்கவில்லை. இப்போது எட்டுக் கூடைகள் வைத்து, குறிவாரியாகப் போடுகிறேன்.

பிச்சையம்மாளின் காலை அச்சு எடுத்தாயிற்று. ஒரு தகரப் பெட்டியில் களிமண்ணைப் பிசைந்து வைத்து, அதில் கணுக்கால் வரை அழுத்தச் சொன்னேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏங்க வாத்தியாரய்யா, ஊர்ல எத்தனையோ பேரு மூஞ்சி இருக்கு. எங் காலத்தான் செல வைக்கணுமா? வர்றவன் போறவன்லாம் 'இது ஆரு காலு, இம்புட்டு வெடிப்பு'ன்னு கேப்பான்." அண்ணி சொன்னாள்: "வெடிப்போடதான் வேணுமாம், வா ஆத்தா." அந்தக் களிமண் அச்சில் மெழுகு ஊற்றி எடுத்தபோது, வெடிப்பும் தையல் தழும்பும் அப்படியே வந்திருந்தன. பிச்சையம்மாள் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங் காலோட அடிய நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

மெழுகுக் காலைச் சுற்றி ஜிப்சமும் நுண்மணலும் கலந்து பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் குழிவில் கண்ணாடித் துண்டுகளை நிரப்பி உலையில் வைக்க வேண்டும். உருக்குவது எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஆறவைப்பதுதான் பயம். பாதத்தின் பருமன் ஏழு சென்டிமீட்டர். எவ்வளவு நேரம் ஆறவைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதா?

நீ எழுதியிருந்த மற்ற விஷயத்துக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் வீணானது. இந்தத் தாளில் இடமில்லை.

அன்புடன்,
திருப்பதி


வில்லியனூர்,
17.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே சுகம். தாளில் இடமில்லை என்று எழுதிவிட்டு, கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். இருக்கட்டும்.

புத்தகத்திடம் கேட்டேன். "ஏழு சென்டிமீட்டரா!" என்று சிரித்தது. அப்புறம் டீ கேட்டது. டீயைக் குடித்துவிட்டு, மாசக் காலண்டரின் பழைய தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டது. கூட அனுப்பியிருக்கிறேன். ஐந்நூற்று நாற்பது டிகிரிக்கு இறங்கியதும் அங்கேயே ஒரு முழு நாள் நிறுத்த வேண்டுமாம். பிறகு முதல் இரண்டு மூன்று நாள் மணிக்கு மூன்று டிகிரி மட்டும் குறைக்க வேண்டுமாம், அதற்கப்புறம் கொஞ்சம் வேகமாக இறக்கலாமாம். ஆக மொத்தம், ஏற்றுவதிலிருந்து திறப்பது வரை ஏழு நாள். "மேல ஆறிப்போன மாதிரி இருக்கும், உள்ள ஆறியிருக்காது. கதவத் தொறந்தா முடிஞ்சிச்சு. யார் வந்து நின்னாலும் தொறக்கக் கூடாது. அங்க யாரு வந்து நின்னாலும் தொறந்துவிடற ஆளு ஒண்ணு இருக்கு." கடைசி வரி புத்தகத்தில் சாய்வெழுத்தில் இருந்தது.

புத்தகத்துக்கு நாலு நாளாக இருமல். கஷாயம் வைத்துக் கொடுக்கிறேன்.

திலகவதி


வடக்கூரணிப்பட்டி,
24.5.2025

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீ சுகந்தானே? புத்தகத்துக்கு இருமல் நின்றதா? இங்கே உடம்புக்குக் குறைவில்லை. மனசுக்குத்தான்.

கால் உடைந்துவிட்டது. நான்தான் உடைத்தேன்.

பென்சில் கோட்டை உலைக்கு மேல் ஒட்டிவைத்து, ஒரு டிகிரி பிசகாமல் செய்தேன். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பேப்பரில் பார்த்து, மறுநாளிலிருந்து தொடங்கினேன். ஆறாம் நாள் வரை எல்லாம் சரி. நேற்று வெள்ளிக்கிழமை காலை தங்கமுத்து கமிட்டியோடு வந்துவிட்டார். தட்டில் தேங்காய், பழம், சூடம். "ஒம்பதரைலேருந்து பத்தரை நல்ல நேரம் சார். அப்புறம் ராகு காலம். நாளைக்குச் சனிக்கிழமை வேற. இப்பயே தொறந்துருவோம்." உலையில் நூற்று எண்பது டிகிரி காட்டியது. "இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம்" என்று சொன்னேன். சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற அண்ணிக்கே கேட்கவில்லையாம். தேங்காய் உடைத்தாகிவிட்டது, எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்தேன்.

கண்ணாடி விண்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பதினைந்து பேரின் முகமும் ஒரே நேரத்தில் மாறியது. அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை குறுக்கே பிளவு. பிச்சையம்மாள் மட்டும் பேசினார்: "எனக்கு ஒரே காலு ரெண்டு தடவ."

நான் இதற்குத் தகுதியான ஆள் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் கூடைகளைத் தூக்கிப்போடவும் மனமில்லை. நாற்பத்தெட்டுக் கட்டமும் முடிந்து மொத்தம் முந்நூற்றுப் பதினாறு கிலோ இருக்கிறது.

ஒரு தகவல். குறிவாரியாகப் பிரித்ததில் மூன்றில் ஒரு பங்கு ஒரே குறிதான். பழுப்புக் கண்ணாடி, அடியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மூன்று புள்ளி. பிச்சையம்மாள் காலிலிருந்து டாக்டர் எடுத்துக் கொடுத்த துண்டை அவர் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதே வட்டம், இரண்டு புள்ளி தெரிகிறது. இது எந்தக் கம்பெனி, அந்தக் கண்ணாடி வார்ப்புக்கு ஏற்றதா என்று புத்தகத்தில் இருந்தால் எழுதவும்.

திருப்பதி


வடக்கூரணிப்பட்டி,
28.6.2025

அன்புத் தங்கைக்கு,

நலம் அறிய ஆவல். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அண்ணி போன் செய்தபோது "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லி நீ வைத்துவிட்டாயாம். நான் தவறாக ஏதும் எழுதிவிட்டேனோ என்று என் கடித நகலை மூன்று முறை படித்துப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை. கால் உடைந்ததற்குக் கோபம் என்றால், அது நியாயமான கோபம். ஒரு வரி போதும், எழுது.

திருப்பதி


வில்லியனூர்,
13.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

திலகவதி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உங்கள் மே மாசக் கடிதத்தையும் வழக்கம்போலச் சத்தமாகப் படித்தேன். காலை உடைத்த இடத்தில் அவர் "தெரியும், தெரியும்" என்று தொடையில் தட்டிக்கொண்டார். வட்டத்துக்குள் மூன்று புள்ளி என்று படித்தேன். பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "என்ன சொன்ன? திருப்பிப் படி" என்றார். அந்தம்மா காலில் இருந்து எடுத்த துண்டு வரைக்கும் திருப்பிப் படித்தேன். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அண்ணே, அது அவர் கம்பெனிக் குறி. வட்டம் கம்பெனிக்கு, ஒரு புள்ளி ஒரு உலைக்கு. மூன்று புள்ளி மூன்றாம் உலை. அவர் நின்ற உலை.

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. காலை நடைக்குப் போகவில்லை. ஒருநாள் திடீரென்று, "கம்பெனி மூடி ஒம்போது வருஷம் ஆச்சு, திலகா. நாங்க ஊத்துனது இன்னும் ஊர் ஊராச் சுத்தி எவ காலையோ கிழிக்குது" என்றார். "நீங்களா வீசுனீங்க?" என்று கேட்டேன். "நான் வீசல. அது ஒடையாம இருக்கணும்னு பாத்துப் பாத்து ஆறவச்சவன் நான்" என்றார். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் உங்களுக்கும் எழுதவில்லை.

நேற்று அவராகவே பென்சிலை எடுத்துவந்து உட்கார்ந்தார். "அந்தக் குறிய மட்டும் எடுத்துத் தனியா வைக்கச் சொல்லு. மத்தது எதையும் கலக்க வேண்டாம். அந்தக் கண்ணாடி எனக்குத் தெரியும். ஐந்நூத்தி நாப்பது பொதுவாச் சொன்னது, இதுக்கு ஐந்நூத்தி முப்பதுல நிறுத்தச் சொல்லு" என்றார். புதுக் கோடு போட்டுக் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனிமேல் புத்தகம் என்று எழுதமாட்டேன். சொன்னது உங்கள் தங்கை மாப்பிள்ளை.

திலகவதி


வடக்கூரணிப்பட்டி,
17.8.2025

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல்.

மூன்று புள்ளிக் கண்ணாடி மட்டும் நூற்றிரண்டு கிலோ இருக்கிறது. கழுவி, உலர்த்தி, சணல் சாக்கில் கட்டிவிட்டேன். முதல் பென்சில் கோட்டைப் பார்த்த அன்றே கை யாருடையது என்று எனக்குத் தெரியும். ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு சிறு கோடு போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. தெரிந்தும் புத்தகம் புத்தகம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

இந்தக் கடிதத்தை நீ சத்தமாகப் படிக்க வேண்டாம்.

2004-இல் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன், எல்லோரிடமும் பேரும் உத்தியோகமும் எழுதி வாங்கினேன். மாப்பிள்ளை வெள்ளைச்சாமியும் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் என் மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் இருக்கிறது. 'மேற்பார்வையாளர், மூன்றாம் உலை' என்று பேனாவால் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறார். அவருக்குப் பதவி உயர்வு வந்து அப்போது இரண்டு மாதம்.

அச்சகத்தில் என்னோடு மணிமேகலையின் மாமனார் இருந்தார். சீட்டைப் பார்த்து, "பாட்டில்னா என்ன பாட்டில்? பிராந்தி பாட்டிலா?" என்று சிரித்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். பள்ளிக்கூடத்தில் மதுவிலக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிற வாத்தியார் வீட்டுப் பத்திரிகையில் பாட்டில் வேண்டாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடச் சிறியது. சம்பந்தி சிரித்தார், நான் பயந்துவிட்டேன். தங்கமுத்து தேங்காய்த் தட்டோடு வந்து நின்றபோது வந்த அதே பயம்தான்.

எழுபத்து மூன்று வயதில் ஒரு கண்ணாடிக் காலை இரண்டாக்கிய பிறகுதான், இரண்டும் ஒரே தவறு என்று எனக்குப் புரிந்தது.

திருப்பதி


வில்லியனூர்,
26.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சுகம்.

சத்தமாகப் படிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்து, மேலே உப்பு ஜாடியை வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது கடிதம் மடித்திருந்தது. நான் நாலாக மடிப்பேன், அது மூன்றாக மடித்திருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது, "அந்தச் சீட்ட இன்னுமா வச்சிருக்காரு?" என்றார். "எங்கண்ணன் எதையும் தூக்கிப்போட மாட்டார்" என்றேன். இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

இனி எனக்கு எழுதாதீர்கள். அவருக்கு எழுதுங்கள்.

திலகவதி


வடக்கூரணிப்பட்டி,
22.9.2025

அன்புள்ள மாப்பிள்ளை வெள்ளைச்சாமி அவர்களுக்கு,

திருப்பதி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் திலகவதியும் நலமென்று நம்புகிறேன். இருமல் நின்றதா?

நடந்ததைத் திலகவதிக்கு எழுதியிருந்தேன், தாங்கள் பார்த்திருப்பீர்கள். தங்களுக்கு நேராக எழுத வேண்டியது ஒரு வரிதான். நான் செய்தது தவறு, மன்னிக்க வேண்டும்.

26-ஆம் தேதி மாதாந்திர மின்தடை. 27-ஆம் தேதி சனிக்கிழமை காலை உலையை ஏற்றுகிறேன், தங்கள் இரண்டாவது கோட்டின்படி. அக்டோபர் 4 காலைதான் திறக்க வேண்டும். அக்டோபர் 12 ஞாயிற்றுக்கிழமை ஊரணிக் கரையில் சிலையை நிறுவ முடிவாகியிருக்கிறது. அதற்கு ஓர் அழைப்பிதழ் அச்சடிக்கிறோம். வரைவு இது:

பாதம்: பிச்சையம்மாள்
கண்ணாடி: வெள்ளைச்சாமி
வார்ப்பு: திருப்பதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தங்கள் பேருக்குக் கீழே என்ன போட வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். எழுதியபடியே அச்சாகும். இந்தமுறை அச்சகத்துக்கு நான் தனியாகத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
திருப்பதி


(அஞ்சலட்டை)

வில்லியனூர், 25.9.2025

மச்சானுக்கு,

சுகம். இருமல் இல்லை.

1. என் பேருக்குக் கீழே: கண்ணாடி உலைத் தொழிலாளி. மேற்பார்வையாளர் வேண்டாம். அது கம்பெனி கொடுத்தது, கம்பெனியோடு போய்விட்டது.
2. அந்த அம்மாவின் பேருக்குக் கீழேயும் ஏதாவது போட வேண்டும். வெறும் பேர் கூடாது.
3. 3-ஆம் தேதி வெள்ளி மாலை அங்கே இருப்பேன். நான் வரும் வரை உலையைத் திறக்க வேண்டாம். யார் வந்தாலும்.

வெள்ளைச்சாமி


வடக்கூரணிப்பட்டி,
8.10.2025

அன்புத் தங்கை திலகவதிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான், அண்ணி, மாப்பிள்ளை மூவரும் நலம். அவர் காலையில் இரண்டு டீ குடிக்கிறார், மாத்திரை வேளைக்குப் போடுகிறார். கவலைப்படாதே.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அக்டோபர் 2, விஜயதசமி. காலையில் தங்கமுத்து தட்டோடு வந்தார். "சார், இதவிட நல்ல நாள் கெடைக்காது. ஆயுத பூசைக்கு உலைக்குச் சந்தனம்கூட வச்சாச்சு. தொறங்க." உலையில் முந்நூற்று நாற்பது. என் சட்டைப் பையில் மாப்பிள்ளையின் அஞ்சலட்டை இருந்தது. "முடியாது" என்றேன். காது மந்தம் அல்லவா, எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெருமுனையில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். தங்கமுத்து இரண்டடி பின்னால் போனார். "சரிங்க சார், சரிங்க. அதுக்கு ஏன் இம்புட்டுச் சத்தம்?" என்று தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே வந்ததும் அண்ணி எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அவர் பையை என் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப எத்தன டிகிரி?" என்று கேட்டார். "நூற்றுப் பத்து" என்றேன். "வாங்க போவோம்" என்றார். வீட்டு வாசலில் ஒரு நொடி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று முறை சோறு வாங்கினார்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு உலையும் வெளிக்காற்றும் ஒரே வெப்பம் காட்டின. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். அண்ணி காலண்டரைத் திருப்பி வைத்துவிட்டாள். மாப்பிள்ளை கதவைத் திறந்தார். பூச்சை நானும் அவரும் மரச்சுத்தியால் தட்டித் தட்டி உதிர்த்தோம். கால் வந்தது. கணுக்கால் வரை ஒரே கருப்பாகத்தான் தெரிந்தது. வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஐந்து விரலும் தேன் நிறத்தில் எரிந்தன. பாதத்தின் அடியில் ஒன்பது தையலும் எண்ணும்படி இருந்தன.

விரல் நகத்தால் அதைச் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். எனக்குக் கேட்காது என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் காலை வைத்து, மறுபடி சுண்டினார். அதிர்வு மணிக்கட்டு வரை ஏறி, நெடுநேரம் நின்றது. "முழுசா இருக்கு மச்சான்" என்றார். அது கேட்டது.

பிச்சையம்மாள் வந்தார். மாப்பிள்ளை எழுந்து நின்று, "ஒங்க காலக் கிழிச்சது நாங்க ஊத்துன பாட்டில்தாம்மா" என்றார். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்திருப்பார் போலிருக்கிறது. பிச்சையம்மாள் கண்ணாடிக் காலையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க ஊத்துனீங்க, எவனோ குடிச்சான், எவனோ ஒடச்சான். மிதிச்சவ நானு. ஆனா எல்லாரும் சேந்துதான இம்புட்டு அழகா ஒரு காலு? எங் காலவிட நல்லாருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "பத்திரிகையில எம் பேருக்குக் கீழ என்னமோ போடணும்னீங்களே. ஒம்போது தையல்னு போடுங்க" என்றார். அப்படியே அச்சாகியிருக்கிறது. பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன், மூன்று வரியையும் படித்துப் பார். மாப்பிள்ளை தன் பிரதியைப் படித்துவிட்டு, மூன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இதுவரை வெளியே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கருங்கல் நடும் இடம் பார்க்க ஊரணிக்குப் போனோம். உள்ளே இன்னும் தண்ணீர் சேரவில்லை, தூறலில் நனைந்த சேறுதான். மாப்பிள்ளை செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, என் கட்டங்களின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். முதல் கட்டத்திலிருந்து நாற்பத்தெட்டாவது கட்டம் வரை, ஒன்றையும் விடாமல், வெறுங்காலோடு நடந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கரையேறி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலையும் எனக்குத் திருப்பிக் காட்டினார். சேறு இருந்தது. ஒரு கீறல் இல்லை. பிறகு என் பூட்ஸைப் பார்த்தார்.

நான் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். குழாயில் தண்ணீர் பிடித்து வந்த பிச்சையம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "பாத்துங்க வாத்தியாரய்யா, சேறு வழுக்கும்" என்றார். மே வரை தினமும் இறங்கிய இடம்தான். தரை இவ்வளவு குளிர்ச்சி என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பு. சனிக்கிழமையே வந்துவிடு, மாப்பிள்ளையும் நானும் பஸ் நிறுத்தத்தில் நிற்போம். முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதே, படி நான்குதான். செருப்பைக் கரையிலேயே விட்டுவிடு. பயமில்லாமல் இறங்கலாம்.

உன் அண்ணன்,
திருப்பதி